ஸரந்தீப் உருக்கு: கறளும் எழுத்தும்

அப்பாஸிய கலீபா அல்-முஃதஸிம் 833 முதல் 842 வரை ஆட்சி செய்தார். அவருக்கென வாள்களைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதப்பட்டது. எழுதியவர் படைத் தளபதியுமல்லர், கொல்லருமல்லர். அரபு மெய்யியலின் முன்னோடி என்று போற்றப்படும் யஃகூப் இப்னு இஸ்ஹாக் அல்-கிந்தி அவர்களே அதை எழுதினார். கணிதம், மருந்து, இசை, ஒளியியல் என்று அவர் கைவைக்காத துறை குறைவு. அந்த நூலில் அவர் இரும்பையும் உருக்கையும் வகை பிரிக்கிறார். ஒரு வாள் எந்த நாட்டு இரும்பினால் ஆனது, எங்கே அடிக்கப்பட்டது, அதன் அலகின் மேல் ஓடும் வரிகள் எப்படியிருக்கும் என்றெல்லாம் நிதானமாக எழுதிச் செல்கிறார். அந்த வரிசையிலே ஒரு பெயர் நம்மை நிறுத்தி வைக்கிறது. ஸரந்தீப்.

ஸரந்தீபின் உருக்கைத் தனி வகையாகவே அல்-கிந்தி பேசுகிறார். அது ஸரந்தீபில் வாளானதோடு நிற்கவில்லை. கடல் கடந்து சென்று குராஸான் போன்ற தூரத்துப் பட்டறைகளிலும் வாளாக அடிக்கப்பட்டது. அதாவது, ஒன்பதாம் நூற்றாண்டிலே இந்தத் தீவின் உருக்கு, பெயர் சொல்லி வாங்கப்படும் பண்டமாக இருந்திருக்கிறது.

நம்மவர் எழுத்துக்களில் ஸரந்தீப் என்ற சொல் வரும்போதெல்லாம் ஆதம் மலை வரும். மாணிக்கமும் கறுவாவும் யானையும் முத்தும் கூடவே வரும். உருக்கு வருவதில்லை. அதற்கு ஒரு காரணம் உண்டு. மாணிக்கம் ஆயிரம் ஆண்டு மண்ணுக்குள் கிடந்தாலும் மாணிக்கமாகவே இருக்கும். இரும்பு அப்படியல்ல. அது தன் சாட்சியத்தைத் தானே அழித்துவிடும் உலோகம். ஆகவே ஸரந்தீப் உருக்கின் வரலாற்றைத் தேடுகிறவர் முதலில் கறளைப் பற்றிக் கொஞ்சம் அறிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

கறள் பிடிப்பதேன்?

விஞ்ஞானப் பாடத்தில் எல்லாப் பிள்ளைகளும் செய்து பார்க்கும் பரிசோதனை ஒன்றுண்டு. நான்கு சோதனைக் குழாய்களில் நான்கு இரும்பாணிகள். ஒன்றில் கொதிக்க வைத்து ஆறிய நீர், மேலே ஒரு படை எண்ணெய். இன்னொன்றில் ஈரத்தை உறிஞ்சும் கல்சியம் குளோரைட்டு. மூன்றாவதில் சாதாரண நீர். நான்காவதில் உப்பு நீர். சில நாள் கழித்துப் பார்த்தால் முதலிரண்டு ஆணிகளும் வைத்தபடியே இருக்கும். மூன்றாவது கறள் பிடித்திருக்கும். நான்காவது மிக மோசமாகக் கறள் பிடித்திருக்கும். இரும்பைக் கறள் தின்ன நீரும் ஒட்சிசனும் இரண்டும் வேண்டும், உப்பு அதனை விரைவுபடுத்தும் என்பதே பாடம். கரையோரத்து ஊர்களில் வாழ்பவருக்கு இதைச் சொல்லித் தரவே தேவையில்லை. யன்னற் கம்பியும் சைக்கிளும் அவர்களுக்கு ஆசிரியர்கள்.

ஆனால் பாடம் அத்தோடு முடிவதில்லை. இரும்பு நிலத்திலிருந்து இரும்பாகக் கிடைப்பது மிக அரிது. அது ஒட்சிசனோடு சேர்ந்த தாதாகவே கிடைக்கிறது. உலையில் மரக்கரியோடு சேர்த்து எரிக்கும்போது, கரியிலிருந்து எழும் வாயு அந்த ஒட்சிசனைப் பறித்துக்கொண்டு போகிறது. எஞ்சுவது இரும்பு. பெருஞ் செலவில், பெரு வெப்பத்தில் பிரிக்கப்பட்ட ஒட்சிசனை இரும்பு மறப்பதேயில்லை. ஈரமும் காற்றும் கிடைத்த கணத்திலிருந்து அது மெல்ல மெல்லத் தாதுவின் நிலைக்குத் திரும்பத் தொடங்குகிறது. அந்தத் திரும்பும் பயணத்துக்கே கறள் என்று பெயர்.

அலுமினியமும் ஒட்சிசனோடு சேரத்தான் செய்கிறது, இரும்பைவிட வேகமாகவே சேர்கிறது. ஆனால் அதன் மேல் உருவாகும் ஒட்சைட்டுப் படை இறுக்கமாக ஒட்டிக்கொண்டு உள்ளிருக்கும் உலோகத்தைக் காத்துவிடுகிறது. இரும்பின் கறளோ பொருமிப் பருத்து, துளைகள் நிறைந்து, உதிர்ந்து விழுகிறது. விழுந்த இடத்தில் புதிய இரும்பு வெளிப்படும். அதையும் கறள் பிடிக்கும். கறள், தான் தின்ற இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் மேலான இடத்தைப் பிடிப்பது. கழுவாத கடல் மணலைக் கொங்கிறீற்றுக்குப் போட்டால், உப்பு உள்ளே போய்க் கம்பியைக் கறளாக்கி, அந்தக் கறள் பருத்துத் தூணையே வெடிக்க வைப்பது இதனால்தான்.

இப்போது ஸரந்தீப் உருக்குக்கு வருவோம். ஆயிரத்து இருநூறு மழைக்காலங்களைக் கண்ட ஒரு தீவில், ஈர மண்ணில் புதைந்த வாளோ கத்தியோ முழுதாகக் கிடைக்கும் என்று எதிர்பார்ப்பது பேராசை. இரும்பு போய்விடும். இரும்பு உருக்கியபோது வழிந்த கிட்டம் போகாது. கண்ணாடி போல இறுகிய அந்தக் கழிவை கறள் எளிதில் தொடாது. சிங்களத்தில் அதை யபொர என்பர். வரலாற்றில் சில வேளை செல்வம் அழிந்துவிடுகிறது, குப்பைதான் சாட்சி சொல்ல எஞ்சுகிறது.

காற்றை வேலை வாங்கிய உலைகள்

அந்தச் சாட்சி சப்ரகமுவ மலைச் சாரலில், பலாங்கொடைக்குக் கிழக்கே கிடைத்தது. வளவை கங்கையின் மேற்பகுதியில் சமனலவெவ நீர்மின் திட்டத்துக்கு அணை கட்டும் வேலை நடந்துகொண்டிருந்த காலம் அது. நீர்த்தேக்கம் நிரம்பு முன் அப்பகுதியின் தொல்பொருள்களைப் பதிவு செய்ய ஆய்வு நடந்தது. அதில் ஈடுபட்ட பிரித்தானியத் தொல்லியலாளர் ஜில் ஜுலெஃப், பழைய இரும்பு உருக்கும் களங்களைப் பெருந்தொகையாகக் கண்டார். அவற்றில் பல ஒரு விநோதமான ஒழுங்கில் அமைந்திருந்தன. குன்றுகளின் உச்சிக்கு அருகே, மேற்குப் பார்த்த விளிம்புகளில் வரிசை வரிசையாக உலைகள். மேற்கிலிருந்து வரும் காற்று நேரே வந்து முகத்தில் அறையும் இடங்கள் அவை.

அக்காலம் வரை உலோகவியல் அறிஞர்களிடையே ஒரு கருத்து வேரூன்றியிருந்தது. துருத்தி இல்லாமல் வெறும் காற்றை நம்பி நல்ல இரும்பை எடுக்க முடியாது, காற்று ஏறி இறங்கும், வெப்பம் நிலைக்காது என்பதே அது. ஜுலெஃப் அதை ஏட்டில் வாதாடித் தீர்க்கவில்லை. 1994இல் பழைய உலைகளின் அளவிலேயே புதிய உலைகளைக் கட்டி, ஆனி, ஆடியில் வீசும் தென்மேற்குப் பருவக்காற்றை மட்டும் துணைகொண்டு தாதை உருக்கிப் பார்த்தார். இரும்பு வந்தது. அதோடு காபன் மிகுந்த உருக்கும் நேரடியாகவே வந்தது. முடிவுகள் 1996இல் 'நேச்சர்' ஆய்விதழில் வெளியாகி உலகின் கவனத்தைப் பெற்றன.

உலையின் சூட்சுமம் அதன் முன்சுவரில் இருக்கிறது. நீண்டு கிடக்கும் அந்தச் சுவரின் மேலால் காற்று தாவிச் செல்லும்போது உலையின் மேல்வாயருகே அமுக்கம் குறைகிறது. அந்தக் குறைவை நிரப்பச் சுவரின் அடியிலுள்ள களிமண் குழாய்களினூடாகக் காற்று உள்ளே இழுபடுகிறது. காற்று நேரே ஊதுவதைவிட இப்படி இழுபடுவது சீரானது. வெளியே பருவக்காற்று கொஞ்சம் ஏறி இறங்கினாலும் உள்ளே நெருப்பு பெரிதும் தடுமாறாது. இதைக் கட்டியவர்கள் அமுக்கம் என்ற சொல்லை அறிந்திருக்க மாட்டார்கள். ஆனால் பருவக்காற்றின் குணத்தை அறிந்திருந்தார்கள்.

இந்த உலைகளுள் பெரும்பாலானவை கி.பி. 7ஆம் நூற்றாண்டுக்கும் 11ஆம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டவை என்று கதிரியக்கக் காபன் காலக்கணிப்பு காட்டியது. அல்-கிந்தி எழுதியது ஒன்பதாம் நூற்றாண்டில். பக்தாத் அறிஞரின் ஏடும் பலாங்கொடை மலைச்சாரலின் கிட்டமும் ஒரே காலத்தைச் சுட்டி நிற்கின்றன. ஸரந்தீப் உருக்கு என்று அவர் எழுதியது வெறும் கடலோடிக் கதையல்ல என்பதற்கு இதைவிட வேறு என்ன வேண்டும்?

கலப்பில் வந்த வலிமை

உருக்கு என்பது இரும்பும் காபனும் சேர்ந்த கலப்புலோகம். தூய இரும்பு மென்மையானது. வாளாக்கினால் வளைந்துவிடும். அதில் நூற்றுக்கு ஒரு பங்கு, ஒன்றரைப் பங்கு காபன் சேர்ந்தால் அதுவே கூர்மை தாங்கும் உருக்காகிறது. காபன் மிகவும் கூடி நூற்றுக்கு மூன்று, நான்கு என்றாகிவிட்டால் வார்ப்பிரும்பாகிப் பாத்திரம் போல உடையும். நன்மைக்கும் தீமைக்கும் இடையே அவ்வளவு சிறிய இடைவெளி.

இந்த நுட்பத்தை அரபு எழுத்தாளர்கள் தம் காலத்து மொழியில் நன்றாகவே பிடித்திருந்தார்கள். கடினமான இரும்பை ஷாபுர்கான் என்றும் மென்மையான இரும்பை நர்மாஹன் என்றும் அல்-கிந்தி பிரிக்கிறார். இவையிரண்டும் நிலத்திலிருந்து வருபவை. பூலாத் எனப்படும் உருக்கோ நிலத்திலிருந்து வருவதல்ல, மனிதர் செய்வது. உருகும்போது ஏதோவொன்றைச் சேர்ப்பதால் இரும்பு அந்த நிலையை அடைகிறது என்கிறார். இரண்டு நூற்றாண்டு கழித்து அல்-பிரூனி, மணிகளையும் உலோகங்களையும் பற்றிய தமது நூலில் இன்னும் ஒரு படி மேலே போகிறார். மூசையிலே இருவகை இரும்பும் முற்றாகக் கலந்துவிட்டால் ஒரே சீரான உருக்கு வரும், அது அரம் செய்ய நல்லது. முற்றாகக் கலவாமல் நின்றுவிட்டால் இரண்டின் நிறமும் தனித்தனியே தெரியும் உருக்கு வரும், வாளுக்கு அதுவே விரும்பப்படுவது என்கிறார். அந்த வரியோட்டத்துக்கு ஃபிரிந்த் என்று பெயர். ஓடும் நீரின் சிற்றலை போல அலகின் மேல் தெரியும் அழகு அது.

இங்கேதான் கறளின் இன்னொரு முகத்தைப் பார்க்கிறோம். தேய்த்து மெருகிட்ட வாளில் ஃபிரிந்த் தெரியாது. ஸாஜ் எனப்படும் இரும்பு உப்பின் கரைசலை அதன் மேல் தடவுவார்கள். காபன் மிகுந்த பகுதி அரிப்பைத் தாங்கி வெளுப்பாக நிற்கும். காபன் குறைந்த பகுதி அரிக்கப்பட்டுக் கறுக்கும். அப்போதுதான் வரிகள் எழும்பும். அளவோடு நிறுத்தப்பட்ட அரிப்பே வாளின் அழகைக் காட்டியது. வாங்க வந்தவன் அதைப் பார்த்துத்தான் நல்ல உருக்கா, போலியா என்று கண்டுகொண்டான். வாளை அழிக்க வல்ல அரிப்பே அதன் பரிசோதகனாகவும் இருந்திருக்கிறது.

மூசை உருக்கு நம் தீவுக்கு மட்டும் உரியதல்ல. தமிழ்நாட்டின் கொடுமணலிலும் மேல்சிறுவாளூரிலும், தக்காணத்திலும், மத்திய ஆசியாவிலும் அதன் தடயங்கள் உண்டு. நம் தீவில் பலாங்கொடைப் பகுதியில் அது மிகப் பிந்திய காலம் வரை உயிரோடிருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கைக் கனிய ஆய்வுத் துறைக்குத் தலைமை தாங்கிய ஆனந்த குமாரசுவாமி, அணைந்துகொண்டிருந்த அந்தத் தொழிலைப் பார்த்து 1908இல் வெளிவந்த தமது நூலில் பதிவு செய்தார். சிறு களிமண் மூசைக்குள் இரும்புத் துண்டு, அதோடு ஆவாரை மரச் சீவல். வாயை மண்ணால் அடைத்து உலையில் வைத்தால், அந்தச் சீவல் கரியாகி இரும்புக்குக் காபனைக் கொடுக்கும். வைத்தியத்துக்கும் தேநீருக்கும் நாமறிந்த ஆவாரைதான் உருக்குக்கும் உயிர் கொடுத்திருக்கிறது.

ஆணியில்லாக் கப்பலில் ஏறிய இரும்பு

இந்த உருக்கு எப்படிப் போனது? கடல் வழியேதான். அங்கே ஒரு முரண் இருக்கிறது. அக்காலத்து அரபுக் கடலோடிகளின் மரக்கலங்களில் இரும்பாணி இல்லை. பலகைகளைத் துளையிட்டுக் கயிற்றால் தைத்தார்கள். 1183இல் செங்கடற் கரையிலே அத்தகைய கப்பல்களைக் கண்ட அந்தலூசியப் பயணி இப்னு ஜுபைர், தென்னந்தும்புக் கயிற்றால் அவை தைக்கப்படுவதையும், எண்ணெய் பூசப்படுவதையும் விவரித்திருக்கிறார். 1998இல் இந்தோனேசியாவின் பெலித்துங் தீவருகே கண்டெடுக்கப்பட்ட கப்பலும் அவ்வாறு தைக்கப்பட்டதே. அதிலிருந்த சீனக் கிண்ணமொன்றில் 826ஆம் ஆண்டு பொறிக்கப்பட்டிருந்தது. அல்-கிந்தி வாழ்ந்த காலத்துக் கப்பல் அது.

தைத்த கப்பலுக்குப் பல காரணங்கள் சொல்வர். கரை தட்டும்போது நெகிழ்ந்து கொடுக்கும் என்பது ஒன்று. ஆனால் உப்பு நீரில் கயிறு நனைந்து இறுகும், இரும்பாணியோ கறளாகித் துளையைப் பெரிதாக்கும் என்பது எந்த மரக்கல ஓடாவிக்கும் தெரிந்த விடயம். உலகின் மிகச் சிறந்த உருக்கை ஏற்றிச் சென்ற கப்பல்களில் ஓர் ஆணிகூட இருந்திராது என்பது நினைக்க நினைக்கச் சுவையானது.

கடல் இரும்பை என்ன செய்யும் என்பதை நம் தென்கரையிலேயே பார்க்கலாம். வளவை கங்கை கடலில் கலக்கும் அம்பலாந்தோட்டைக்கு அருகே கொடவாய என்ற இடம் உண்டு. அங்கிருந்த துறைமுகத்தின் சுங்க வரியை விகாரைக்கு அளித்த கஜபாகு மன்னனின் கல்வெட்டு இன்றும் நிற்கிறது. அதற்கு நேரே கடலடியில் ஒரு பழங்கப்பல் கிடப்பது 2003இல் தெரியவந்தது. இரண்டாயிரம் ஆண்டுக்கு முற்பட்டது, இந்து சமுத்திரத்தில் இதுவரை கண்டறியப்பட்ட மிகப் பழைய கப்பற் சிதைவு என்று கருதப்படுவது. அதன் சரக்கில் கண்ணாடிக் கட்டிகள் இருந்தன. இரும்பும் இருந்தது. கண்ணாடி கண்ணாடியாகவே கிடைத்தது. இரும்போ கறளேறி, மணலும் சிப்பியும் சேர்ந்து, பாறை போன்ற ஒரே திணிவாக இறுகிக் கிடந்தது. சமனலவெவ உலைகள் இருப்பதும் இதே ஆற்றின் தலைப்பகுதியில்தான். காலம் வேறு, ஆகவே இரண்டையும் முடிச்சுப் போட்டுவிட முடியாது. ஆயினும் மலையிலிருந்து கடலுக்கு ஒரு வழி இருந்தது என்பதை அந்த ஆறு நினைவூட்டுகிறது.

லண்டனுக்குப் போன கேள்வி

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்த வரலாறு எதிர்பாராத ஒரு திசையில் திரும்புகிறது. ஆங்கிலேயப் படையில் வைத்தியராக 1816 முதல் 1820 வரை இலங்கையிலிருந்தவர் ஜோன் டேவி. 1821இல் அவர் வெளியிட்ட இலங்கை பற்றிய நூலில், கண்டி நாட்டவர் இரும்பு உருக்கும் முறையையும் விவரித்திருக்கிறார். அவருடைய தமையன்தான் புகழ்பெற்ற இரசாயனவியலாளர் ஹம்ப்ரி டேவி. போர்க்கப்பல்களின் அடிப்புறத்தில் பதித்த செப்புத் தகடுகளைக் கடல் அரிப்பதைத் தடுக்க வழி கேட்டு கடற்படை ஹம்ப்ரி டேவியிடம் வந்தது. செம்போடு சிறு நாகத் துண்டையோ இரும்புத் துண்டையோ தொடுத்துவிட்டால் அந்தத் துண்டு அரிபட்டுச் செம்பைக் காக்கும் என்று 1824இல் அவர் காட்டினார். செம்பு காக்கப்பட்டது உண்மை. ஆனால் அரிக்காத செம்பில் சிப்பியும் பாசியும் தாராளமாகப் பிடித்துக் கப்பலின் வேகத்தைக் குறைத்துவிட்டன. உலோகம் கொஞ்சம் அரிபட்டுக் கொண்டிருந்ததே முன்பு அவற்றை ஒட்டவிடாமல் வைத்திருந்தது. அத்தோடு கடற்படை அதைக் கைவிட்டது. ஆயினும் தத்துவம் வீண்போகவில்லை. 1837இல் பிரான்சில் சோரல் என்பவர் இரும்பின் மேல் நாகம் பூசும் முறைக்கு உரிமம் பெற்றார். நம் கூரைகளில் கிடக்கும் தகரம் அந்த வழியில் வந்ததே. நாகம் தன்னைக் கொடுத்து இரும்பைக் காக்கிறது. பூச்சில் கீறல் விழுந்தாலும் காப்பு உடனே போய்விடுவதில்லை.

ஹம்ப்ரி டேவியின் உதவியாளராகத் தொடங்கியவர் மைக்கேல் பரடே. தகப்பன் கொல்லர். இந்தியாவிலிருந்து 'ஊட்ஸ்' என்ற பெயரில் லண்டனுக்குப் போன மூசை உருக்கு அங்கிருந்த அறிஞர்களைத் தூங்கவிடாமல் செய்திருந்தது. உருக்கு என்று நாம் சொல்லும் சொல்லின் உறவுக்காரச் சொல்லே, கன்னடத்து உக்கு வழியாக, அப்படித் திரிந்தது என்பர். ஷெஃபீல்ட் பட்டறைகளால் ஏன் இதைச் செய்ய முடியவில்லை? கத்தி செய்பவரான ஜேம்ஸ் ஸ்டோடாட்டுடன் சேர்ந்து பரடே இந்தக் கேள்விக்கு விடை தேடினார். ஊட்ஸின் இரகசியம் அலுமினியம் போன்ற ஏதோவொன்றின் சேர்க்கை என்று அவர் நினைத்தது சரியல்ல. ஆனால் அந்த நினைப்பு அவரை வேறொரு வாசலுக்குக் கொண்டுபோனது. உருக்கோடு வெள்ளி, பிளாற்றினம், நிக்கல், குரோமியம் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்த்தார். 1820இலும் 1822இலும் முடிவுகளை வெளியிட்டார். நிக்கல் தூய இரும்போடு சேர்ந்தால் கறள் குறைகிறது, உருக்கோடு சேர்ந்தால் கறள் கூடுகிறது என்பது போன்ற அவதானங்கள் அவற்றில் உண்டு. இரும்போடு வேறு உலோகங்களை முறையாகச் சேர்த்து ஆராயும் துறைக்கு இவை தொடக்கமாயின. அவர் செய்துவைத்த 79 மாதிரிகளை ஒரு நூற்றாண்டு கழித்துத் தேடியெடுத்துப் பகுத்தாய்ந்தவர் உலோகவியலாளர் றொபேட் ஹட்ஃபீல்ட்.

1821இல் பிரெஞ்சு அறிஞர் பெர்த்தியே, குரோமியம் கலந்த இரும்பு அமிலத்தைத் தாங்குவதைக் கண்டார். ஆனால் காபன் மிகுந்த அவருடைய கலப்புலோகம் உடையக்கூடியதாக இருந்தது. அந்தக் குறை நீங்க ஒரு நூற்றாண்டளவு சென்றது. 1913 ஆகஸ்ட் 13ஆம் திகதி ஷெஃபீல்டில் ஹரி பிரியர்லி வார்த்த உருக்கில் நூற்றுக்கு 12.8 பங்கு குரோமியமும் 0.24 பங்கு காபனும் இருந்தன. துப்பாக்கிக் குழல் உள்ளே தேய்வதைத் தடுக்கவே அவர் முயன்றார். வழக்கம்போல் மாதிரியை அமிலத்தால் அரிக்க வைத்து நுணுக்குக்காட்டியில் பார்க்க முற்பட்டபோது, அமிலம் அதை அரிக்க மறுத்தது. அன்று பக்தாத்தில் அரிப்பைக் கொண்டு உருக்கைச் சோதித்தார்கள். ஷெஃபீல்டில் அதே சோதனையில் அரிபடாமல் நின்றதே ஒரு புதிய உருக்கைக் காட்டிக் கொடுத்தது. பாடநூலில் கறையில் உருக்கு என்றும் வீட்டிலே சில்வர் என்றும் நாம் சொல்லும் உலோகம் இதுதான். அதிலுள்ள குரோமியம் காற்றோடு சேர்ந்து கண்ணுக்குத் தெரியாத ஒட்சைட்டுப் படையை மேலே விரிக்கிறது. ஒரு மில்லிமீற்றரைப் பத்து இலட்சம் பங்காக்கினால் அதில் சில பங்கே அதன் தடிப்பு. கீறினாலும் தானே மீண்டும் மூடிக்கொள்ளும்.

கறள் பிடிக்காத இரும்பு என்றதும் டெல்லியின் இரும்புத் தூண் பலருக்கு நினைவு வரும். குத்புமினார் வளாகத்தில், குவ்வத்துல் இஸ்லாம் பள்ளிவாசலின் முற்றத்தில் ஏழு மீற்றருக்கு மேல் உயர்ந்து நிற்கும் அந்தத் தூண் குப்தர் காலத்தது. சுமார் 1600 ஆண்டு பழையது. அதில் குரோமியம் இல்லை. தாதுவிலிருந்து வந்த பொசுபரசு மிகுதியாக இருக்கிறது. அந்தப் பொசுபரசே தூணின் மேல் இறுக்கமான காப்புப் படை உருவாக உதவியது என்பதை கான்பூரின் பாலசுப்ரமணியம் ஆராய்ந்து விளக்கினார். இன்றைய ஆலை அழுக்கென்று நீக்கும் பொருள் அன்று காவலாக நின்றிருக்கிறது. ஆனால் தூணின் புதைந்திருந்த பகுதி, ஈர மண்ணிலே கறளுக்கு இரையாகியிருந்தது. அழியாத இரும்பு என்று எதுவுமில்லை. அழிவைத் தாமதிக்கும் கலப்பும் இடமும்தான் உண்டு.

எழுதாதது எது?

ஸரந்தீப் வாள் யாருடையது என்ற கேள்வி இனி எழலாம். நம் நாட்டில் வரலாறு எழுதுகிறவர் ஒவ்வொருவரும் தத்தம் சமூகத்தின் பங்கை மட்டும் அளந்து வைத்துக்கொள்ளும் பழக்கம் ஆழமானது. இந்த உருக்கை அப்படிப் பங்கு பிரிக்க முடியாது. செய்தவர் சப்ரகமுவ மலைக் கிராமத்தார். சுமந்தவர் கடலோடிகளும் வணிகரும். வாளாக அடித்தவர் தூரதேசத்துக் கொல்லர். எழுதி வைத்தவர் ஓர் அரபு மெய்யியலாளர். ஆயிரம் ஆண்டு கழித்து உலையைத் திரும்ப மூட்டிக் காட்டியவர் ஓர் ஆங்கிலப் பெண்மணி. இதில் எந்தக் கண்ணியைக் கழற்றினாலும் மற்றவை சொல்வது பாதிதான். செய்தவர் எழுதவில்லை, எழுதியவர் செய்யவில்லை.

முஸ்லிம்களாகிய நாம் இதில் பெருமைப்பட இடமுண்டு. ஆனால் அந்தப் பெருமையை சரியான இடத்தில் வைக்க வேண்டும். அல்-கிந்தியின் சிறப்பு, வாளைப் புகழ்ந்து பாடியதல்ல. பட்டறையில் கரி படிந்து நின்றவனின் அறிவை, ஒரு மெய்யியலாளர் ஏட்டில் ஏற்றத்தக்க அறிவாகக் கருதினார் என்பதே. நம்மிடையே அந்தப் பழக்கம் தேய்ந்துவிட்டது. குமாரசுவாமி வந்து பார்த்த வேளையில், வெளியிலிருந்து மலிவாக இறங்கிய இரும்பு பலாங்கொடை உலைகளை ஏறத்தாழ அணைத்துவிட்டிருந்தது. அவரும் எழுதாமல் விட்டிருந்தால் ஆவாரைச் சீவலின் செய்தி நமக்குக் கிட்டுவதே அரிதாகியிருக்கும். பருவக்காற்றுலைகளைப் பற்றி எவரும் எழுதவில்லை. அது மீண்டும் தெரியவர ஓர் அணைக்கட்டும் ஓர் ஆய்வாளரும் வரவேண்டியிருந்தது. அதற்குள் ஏறக்குறைய ஆயிரம் ஆண்டு போய்விட்டது.

நம் ஊர்களில் இன்னும் சில பட்டறைகளில் உலை எரிகிறது. கத்தியை எந்த நிறத்தில் சிவக்க வைத்து எப்போது நீரில் தோய்ப்பது, எதற்கு நீர், எதற்கு எண்ணெய், பழைய ஸ்பிரிங் இரும்பில் எது அருவாளுக்கு ஆகும், எது மண்வெட்டிக்கு ஆகும் என்பதைக் கையால் அறிந்தவர்கள் அங்கே இருக்கிறார்கள். வள்ளங்களுக்கு எந்த ஆணி, அதற்கு மேல் என்ன பூச்சு என்பதை அறிந்த ஓடாவிமார் கரையோரத்தில் இருக்கிறார்கள். அவர்களுள் பலருக்கு வயதாகிவிட்டது, பிள்ளைகள் வேறு தொழிலுக்குப் போய்விட்டார்கள். கவிதைக்கும் கதைக்கும் ஊரைத் தேடிப் போகும் நம் எழுத்தாளர்கள், ஒரு கொப்பியையும் பேனையையும் எடுத்துக்கொண்டு அந்தப் பட்டறை வாசலில் ஒரு காலைப்பொழுது உட்காரலாம். கொல்லர் சொல்லும் சொற்களை அவர் சொல்லும் விதத்திலேயே எழுதி, ஊரையும் திகதியையும் இட்டு, இதுபோன்ற சஞ்சிகை ஒன்றுக்கு அனுப்பி வைக்கலாம். அல்-கிந்தியும் தம் காலத்தில் ஏறத்தாழ அதைத்தான் செய்தார்.